வீட்டு ஆர்க்கிட்டில் புதுத் தூரைக் காப்பது எப்படி?

நாற்று நட்ட இருபதாம் நாள் வயலில் இறங்கி, குத்துக்கு எத்தனை தூர் வெடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது உங்கள் வழக்கம். தூரைப் பார்த்தே விளைச்சலைக் கணித்து விடுவீர்கள். வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட் செடிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். இவ்வாண்டு அடியில் வெடிக்கும் தூரே முற்றித் தண்டாகி அடுத்த பூவைத் தருகிறது.

"வாங்கியபோது பூவோடு இருந்தது, பிறகு பூக்கவே இல்லை" என்று பலர் குறைப்படுவதுண்டு. பெரும்பாலும் குறை செடியில் இல்லை. பூக்க வேண்டிய புதுத் தூர் விரல் நீளம் இருக்கும்போதே அழுகியோ, கருகியோ, வளர்ச்சி குன்றியோ போயிருக்கும். கடலோரக் காரைக்காலில் உப்பு நீர், ஐப்பசி அடைமழை, அவசரக் கை ஆகிய மூன்றுமே அதற்குப் பெரும் பகை. இவற்றிலிருந்து தூரைக் காக்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

எந்த ஆர்க்கிட்?

ஆர்க்கிட் என்றதும் மலைப் பயிர் என்று எண்ண வேண்டாம். நம் சமவெளியிலேயே மா, புளி முதலிய மரங்களின் பட்டையில் வாண்டா டெசலேட்டா என்னும் ஆர்க்கிட் இயற்கையாக வளர்கிறது. அது புல்லுருவி அன்று. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. பட்டையைப் பற்றிக்கொண்டு மழையையும் காற்றின் ஈரத்தையும் கொண்டே வாழ்கிறது. வாண்டா, தென்னையைப் போல் உச்சியில் மட்டும் வளர்வது. ஆகவே அதன் குருத்தைக் காப்பதே முக்கியம்.

நம் வீடுகளுக்கு ஏற்றது டென்ட்ரோபியம். தாய்லாந்தில் கொய்மலருக்காகப் பெருமளவில் பயிரிடப்படும் சோனியா வகை இதைச் சேர்ந்தது. வெப்பமும் காற்றில் ஈரமும் உள்ள நம் கடலோரம் இதற்கு ஒத்துப்போகும். இது வாழையைப் போல் அடியிலிருந்து புதுத் தூர் விட்டுப் பெருகும். இங்கே கூறுவன யாவும் இந்த வகைக்கே.

பழைய தண்டை வெட்டாதீர்

இதை எழுதும் நான் உழவியல் படித்தவன். முதன்முதலில் ஆறு தொட்டி டென்ட்ரோபியம் வாங்கி வளர்த்தபோது, பூத்து முடிந்து இலை உதிர்ந்த பழைய தண்டுகளைக் கண்டேன். கரும்பு மறுதாம்புக்குக் கட்டையைச் சீவி விடுவதுபோல் அவற்றை அடியோடு வெட்டினேன். சத்து முழுவதும் புதுத் தூருக்குப் போகும் என்பது என் எண்ணம். ஆனால் ஆறு தொட்டியிலும் தூர்கள் ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிட்டன. அவ்வாண்டு ஒரு பூவும் இல்லை.

காரணம் எளிது. டென்ட்ரோபியத்தின் தடித்த தண்டு நீரையும் உணவையும் சேர்த்து வைக்கும் குதிர். அடியில் வெடிக்கும் தூருக்குத் தொடக்கத்தில் சொந்த வேர் கிடையாது. தன் வேர் ஊன்றும் வரை அது பழைய தண்டின் சேமிப்பையே உண்டு வளர்கிறது. நான் வெட்டி எறிந்தது குழந்தைக்கு வைத்திருந்த பாலை.

எனவே பச்சையாகவும் கெட்டியாகவும் உள்ள தண்டை, இலை இல்லாவிட்டாலும் வெட்டக் கூடாது. அத்தகைய தண்டு மீண்டும் பூப்பதும் உண்டு. முழுவதும் காய்ந்து பழுப்பாகிச் சுருங்கியதை மட்டும் நீக்கலாம்.

தூரா, வேரா, பூங்கதிரா?

புதிதாக ஒன்று முளைக்கும்போது அது என்னவென்று அறிதல் வேண்டும்.

தூர்: தண்டின் அடியில் தோன்றும். நுனி கூர்மையாக, சற்றுத் தட்டையாக, உறை போர்த்தியிருக்கும்.

வேர்: நுனி மழுங்கி உருண்டையாகவும் பளபளப்பாகவும் பச்சை அல்லது ஊதா கலந்த நிறத்திலும் இருக்கும். வளர்ந்த பகுதியில் பஞ்சு போன்ற வெண்ணிற உறை இருக்கும்.

பூங்கதிர்: முற்றிய தண்டின் மேற்கணுக்களிலிருந்து வரும்.

குட்டிச் செடி: தண்டின் மேற்கணுவில் இலையும் வேருமாக வரும். இதன் வேர்கள் இரண்டு அங்குலம் நீண்ட பிறகே பிரித்து நட வேண்டும். பூவுக்குப் பதில் குட்டிகளாகவே வந்தால், தாய்ச்செடியின் வேர் அழுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வேர் வரும் வரை பொறுத்திருங்கள்

தூர் வெடித்ததைக் கண்ட மகிழ்ச்சியில் தண்ணீரையும் உரத்தையும் கொட்டுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. வேர் இல்லாத தூரால் அவற்றைப் பயன்படுத்த இயலாது. தொட்டி நசநசவென்று இருந்தால் தூரின் அடிதான் அழுகும்.

தூரின் அடியில் புது வேர் தோன்றி இரண்டு அங்குலம் நீளும் வரை தொட்டியை லேசான ஈரத்தில் வைத்தால் போதும். பஞ்சு உறை நனைந்தால் பச்சையாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். வேர் வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். காலையில் ஊற்றுங்கள், மாலைக்குள் தூரின் இலையிடுக்கு உலர்ந்துவிட வேண்டும்.

வேர் ஊன்றிய பிறகு வாரம் ஒரு முறை, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். தூர் முழு உயரம் அடைந்து தண்டு பருத்ததும் தழைச்சத்தைக் குறைத்து, 13:0:45 உரத்தை அதே அளவில் கொடுக்கலாம். அளவைக் கூட்டினால் வேர் நுனி கருகும். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் தங்கிய உப்பைக் கழுவி விடுங்கள்.

உப்பு நீருக்கு மாற்று

அரசலாறும் திருமலைராயனாறும் கடலில் கலக்கும் நம் பகுதியில், கடலை நெருங்க நெருங்க ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக இருப்பதை அறிவீர்கள். மண் கரைசலின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 3 டெசிசைமன் வரை இருந்தாலும் நெல் விளைச்சல் பெரிதும் குறையாது. ஆர்க்கிட்டுக்கு ஊற்றும் நீரோ 0.5 டெசிசைமனுக்குள் இருப்பது நல்லது. அதாவது, நெல்லுக்கு நல்ல தண்ணீர் ஆர்க்கிட் தூருக்கு நஞ்சாகலாம். வேர் நுனி கருகுவதும், இளம் இலை நுனியிலிருந்து காய்வதும் உப்பின் அடையாளம். உங்கள் கிணற்று நீரை ஒரு முறை பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

உவர் நீர் உள்ளவர்களுக்கு மழைநீரே வழி. 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர், அதாவது ஒரு பீப்பாய் நீர் விழுகிறது. தொட்டிக்கு 200 மில்லிலிட்டர் வீதம் பத்துத் தொட்டிக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் போதும். மார்கழியில் இரண்டு பீப்பாய் நிரப்பி வைத்தால் தையிலிருந்து ஆடி வரை 200 நாட்களுக்குச் சரியாக இருக்கும். முதல் மழையில் கூரையின் தூசும் உப்பும் இறங்கும். அதைப் பிடிக்க வேண்டாம். பீப்பாயைத் துணியால் இறுகக் கட்டி மூடுங்கள். இல்லையேல் டெங்கு கொசு பெருகும்.

தென்னை மட்டைத் துண்டுகளைத் தொட்டியில் இடுவோர், அவற்றைப் பல முறை நீர் மாற்றி ஊற வைத்து உப்பையும் சாயத்தையும் போக்கிய பிறகே இட வேண்டும். கரித்துண்டும் செங்கல் துண்டும் சம அளவில் கலந்து, பக்கத் துளையுள்ள மண் தொட்டியில் இடுவது எளிய முறை. மண் இடவே கூடாது.

வெயிலும் மழையும்

50 சதவிகித நிழல் வலை போதுமானது. மாங்கனித் திருவிழா நடக்கும் ஆனி மாதத்தில் வறண்ட மேல்காற்று வீசும்போது, தொட்டிகளின் கீழே தரையில் நீர் தெளித்து ஈரப்பதத்தைக் கூட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழையின்போது இளந்தூர் உள்ள தொட்டிகளைக் கூரைக்கு அடியில் கொண்டு வந்துவிட வேண்டும். தூரின் குருத்தில் நீர் தேங்கி நின்றால் கருப்பு அழுகல் தோன்றும். தூர் கருத்து நீர்க்கோத்து, தொட்டால் கையோடு வந்துவிடும். கண்டவுடன், தீயில் காட்டி ஆற வைத்த கத்தியால் நல்ல பகுதி தெரியும் வரை வெட்டி நீக்கி, வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூளைத் தடவி, அத்தொட்டியைத் தனியே வைத்துத் தண்ணீரை நிறுத்துங்கள். செம்பு கலந்த பூஞ்சாணக் கொல்லியை டென்ட்ரோபியத்தில் தெளிக்க வேண்டாம், இளந்தளிர் கருகக்கூடும்.

மழைக்கால இரவில் நத்தைகள் தூரின் நுனியையும் வேர் நுனியையும் தின்றுவிடும். தொட்டிகளுக்கு அருகே ஈரச் சாக்கை விரித்து வைத்தால் அவை அதன் அடியில் ஒதுங்கும். காலையில் பொறுக்கி அழிக்கலாம்.

2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலை நாம் மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் தொங்கும் தொட்டிகளை இறக்கிச் சுவரோரம் வையுங்கள். ஆடிய தொட்டியில் புது வேர் அறுந்தால் தூர் மீண்டும் தாய்த் தண்டையே நம்பி நிற்க வேண்டியதாகும்.

தொட்டி மாற்றும் காலம்

தொட்டி மாற்றவும் பிரிக்கவும் ஏற்ற தருணம், தூரின் அடியில் வேர் நுனி எட்டிப் பார்க்கும் நேரம். முன்னதாகச் செய்தால் செடி ஊன்றத் தாமதமாகும். வேர் நீண்ட பின் செய்தால் அது ஒடியும். பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதியிலும் மூன்று தண்டுகளேனும் இருக்கட்டும். தூர் வளர இடம் விட்டு, பழைய தண்டுகள் தொட்டியின் விளிம்புப் பக்கம் இருக்குமாறு வைத்து, அசையாதபடி குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

என் ஆறு தொட்டிகளும் பட்டுப்போகவில்லை. அந்தக் குட்டைத் தூர்களையும் அடுத்து வந்த தூர்களையும் வெட்டாமல் விட்டேன். தொட்டிக்கு மூன்று தண்டு சேர்ந்த பிறகே நல்ல கதிர் கண்டேன். அதற்குள் இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளை நீங்களும் இழக்க வேண்டியதில்லை. இன்றே தொட்டியின் அடியைப் பாருங்கள். கூரிய பச்சை முளை தெரிந்தால், கத்தியையும் உரத்தையும் எட்டி வைத்துவிட்டு, வேர் வரும் வரை காத்திருங்கள்.