திருவெறும்பூர் வயலுக்கும் முதுமலைக் காட்டுக்கும் என்ன உறவு?

சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வந்ததும், திருவெறும்பூர் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து ஊட்டிக்குக் கிளம்புவதுண்டு. பூங்கா, படகு என்று சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள், இன்னொரு நாள் ஒதுக்கினால் முதுமலையையும் பார்த்துவிடலாம்.

ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக சுமார் 65 கி.மீ. தொலைவில் தெப்பக்காடு இருக்கிறது. 1940-ல் சரணாலயமான முதுமலை, 2007-ல் புலிகள் காப்பகமானது. சொந்த வண்டியில் காட்டுக்குள் போக முடியாது. காலையிலும் மாலையிலும் வனத்துறை வாகனத்தில் கட்டணம் கட்டிச் செல்ல வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும். தீ அபாயம் அதிகமானால் சவாரியை நிறுத்திவைப்பார்கள். அதனால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் தேவை. பிளாஸ்டிக் பாட்டில், பைகளுக்குத் தடை உண்டு.

புலி கண்ணில் படுவது அதிர்ஷ்டம். புள்ளிமான், காட்டெருமை, யானை, மயில் ஆகியவற்றைப் பார்க்க வாய்ப்பு அதிகம். தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்கு ராகி, கொள்ளு, வெல்லம் சேர்த்த கவளம் ஊட்டுவதைக் குழந்தைகள் ரசிப்பார்கள்.

களை காட்டிலும் உண்டு

விவசாயி கவனிக்க வேண்டியது சாலையோரப் புதர்களை. உண்ணிச்செடி அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த செடி. இன்று அது புல்லை வளரவிடாமல் காட்டை மூடுகிறது. மஞ்சள் பூ பூக்கும் அந்நியக் கொன்னை மரமும் அப்படித்தான். வயலில் களை மண்டினால் மகசூல் குறையும்; காட்டில் மண்டினால் மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் குறையும். ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். காட்டுக்குள் தீவனம் குறைந்து, வெளியே வாழையும் கரும்பும் செழித்து நின்றால், அது எந்தப் பக்கம் நடக்கும்?

மின்வேலி வேண்டாம்

திருச்சி வட்டாரத்தில் யானைத் தொல்லை இல்லை, மயிலும் காட்டுப்பன்றியும்தான். பன்றிக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக் கம்பியில் கொடுப்பது சட்டப்படி குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் அப்படியொரு வேலியில் 3 யானைகள் இறந்தன, நிலத்துக்காரர் கைதானார். இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் அண்டை வயல்காரரின் உயிரையும் அந்தக் கம்பி பறிக்கும். பயிர் சேதமானால் அதை அப்புறப்படுத்தும் முன் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள்.

தண்ணீர் வரும் வழி

முதுமலையை ஒட்டி ஓடுவது மாயாறு. அது பவானிசாகர் அணையில் சேர்கிறது. அங்கிருந்து பாசனம் போக மிஞ்சும் தண்ணீர் பவானி ஆற்றோடு கூடுதுறையில் காவிரியில் கலந்து, திருச்சியை நோக்கி வருகிறது. அந்தக் காவிரியில்தான் உய்யக்கொண்டான் வாய்க்கால் பிரிகிறது. முதுமலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு, திருவெறும்பூர் நெல் வயலுக்கும் வந்து சேரலாம். தெப்பக்காட்டுப் பாலத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.