மலை குமுறும்போது மக்களுக்கு யார் துணை?



கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்குத் திசை நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் நீலமாய்த் தென்படும். வெள்ளிமலைக்குப் பேருந்தேறிச் செல்லும் எவரும் அம்மலை நெருப்பைக் கக்கிவிடுமோ என அஞ்சுவதில்லை; அஞ்சத் தேவையுமில்லை. பூமியின் ஆழத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உருவாகி இறுகிய பழம்பாறைகளால் ஆன மலை அது. இந்தியாவில் இன்று உயிர்ப்புடன் இருக்கும் எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவில்தான் இருக்கிறது. நெடுநாள் உறக்கத்திற்குப் பின் 1991இல் அது மீண்டும் விழித்தது. மனிதர் குடியிராத தீவாகையால் எவரையும் வெளியேற்றும் தேவை அங்கு எழவில்லை.

அவ்வாறாயின் எரிமலையைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும்? காரணம் இதுதான்: புயல் கரையைக் கடக்கும் நாளை ஓரளவு முன்னரே சொல்லிவிடலாம். எரிமலையோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முனகும்; பின்னர் வெடிக்கலாம், வெடிக்காமலே அடங்கியும் போகலாம். அந்த நிச்சயமற்ற நாட்களில் மக்களை வீட்டைவிட்டு எழச் செய்வதும், எழுந்து வந்தவர்களைப் பாதுகாப்பதும் மனிதகுலத்திற்கு வைக்கப்படும் கடும் சோதனை. அச்சோதனையில் கிடைத்த பாடங்கள் வெள்ளத்திற்கும் மண்சரிவிற்கும் அப்படியே பொருந்துபவை.

நேரம் இருந்தும் பயனில்லை

தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் பனிமூடிய எரிமலை உண்டு. 1985ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவு 9 மணியளவில் அது வெடித்தது. உச்சியிலிருந்த பனி உருகி, சாம்பலோடும் பாறைகளோடும் கலந்து, பெரும் சேற்றுவெள்ளமாய்ப் பள்ளத்தாக்குகளில் பாய்ந்தது. ஆர்மெரோ என்னும் ஊரை அவ்வெள்ளம் அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. அருகிலிருந்த மேட்டில் நடந்தே ஏறிவிடப் போதுமான நேரம் அது! அவ்வூர் ஆபத்துப் பகுதியில் இருப்பதைக் காட்டும் வரைபடமும் முந்தைய மாதமே வெளியாகியிருந்தது. ஆயினும் அன்று மாலை சாம்பல் விழத் தொடங்கியபோது, அமைதியாக வீட்டிலேயே இருங்கள் என்றுதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. சுமார் 23,000 பேர் மாண்டனர்.

அதிகாரிகள் தயங்குவதற்கும் காரணம் இல்லாமலில்லை. 1976இல் கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில் எரிமலை குமுறியபோது 70,000க்கும் மேற்பட்டோர் பல மாதங்கள் வெளியேற்றப்பட்டனர். எதிர்பார்த்த பெருவெடிப்பு நிகழவில்லை. வீணாக எங்களை அலைக்கழித்தீர்கள் என்ற பழிச்சொல்லே மிஞ்சியது. அந்தப் பழிக்கு அஞ்சி வாய்மூடி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்மெரோ சாட்சி.

காப்பாற்றப்பட்டவர்கள் முகாமில் மாண்டனர்

பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ மலை சுமார் 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1991 ஏப்ரலில் அதன் சரிவில் நீராவி பீறிட்டது. அந்நாட்டின் எரிமலை ஆய்வு நிறுவனத்தாரும் அமெரிக்க நிலவியல் ஆய்வாளர்களும் இணைந்து மலையைக் கண்காணித்தனர். பாமரரும் புரிந்துகொள்ளும் வகையில் 1 முதல் 5 வரை எச்சரிக்கைப் படிகள் வகுத்தனர். எரிமலையின் கொடுமையை மக்கள் நம்புவதற்காக ஒரு படக்காட்சியையும் ஊர் ஊராகக் காட்டினர். அப்படத்தைத் தயாரித்த பிரெஞ்சுத் தம்பதியர் மோரிஸ் கிராஃப்ட், காத்தியா கிராஃப்ட் இருவரும் அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஜப்பானின் உன்சென் எரிமலையில் பலியாயினர். அவர்களுடைய படமோ பிலிப்பைன்ஸில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தது.

ஜூன் 15ஆம் நாள் பினாட்டுபோ வெடித்தது. அதற்கு முன்பே பல்லாயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டிருந்தனர். அதே நாளில் புயலும் வீசியதால் மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து சில நூறு பேர் இறந்தனர். எனினும் குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று அறிஞர்கள் கணித்தனர்.

ஆனால், வாசகர்களே, வரலாறு இத்துடன் முடியவில்லை. அம்மலைச் சரிவில் ஆயிட்டா என்னும் மலைவாழ் மக்கள் வாழ்ந்து வந்தனர். காற்றோட்டமான காடுகளில் சிதறி வாழ்ந்தவர்கள் நெருக்கமான முகாம்களில் அடைக்கப்பட்டனர். தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா ஆகியவை பரவின. எரிமலையிடமிருந்து தப்பிய நூற்றுக்கணக்கானோர் முகாமில் உயிர்நீத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பச்சிளம் குழந்தைகள். தடுப்பூசியை அஞ்சி மறுத்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். அந்நியர் கூறுவதை நம்பும் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை.

நம் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர்களை என்றேனும் கீழே அழைத்துவர நேர்ந்தால், லாரியில் ஏற்றுவது மட்டும் உதவியாகிவிடுமா?

போக மறுப்பது ஏன்?

ஆபத்து நெருங்கியும் சிலர் வீட்டைவிட்டு நகர மறுக்கின்றனர். அவர்களை அறிவீனர் என்று சொல்வது எளிது, உண்மை வேறு. 2017 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஆகுங் எரிமலை குமுறியபோது 1,40,000 பேர் வரை வெளியேறினர். வெடிப்பு நிகழ்ந்ததோ நவம்பர் 21ஆம் நாள்! இடைப்பட்ட வாரங்களில் பலர் பகலில் ஆபத்துப் பகுதிக்குள் திரும்பிச் சென்றனர். எதற்காக? மாட்டிற்குப் புல் போட! பின்னர் கால்நடைகளுக்கும் புகலிடங்கள் அமைக்கப்பட்டன.

கிடையில் கட்டிய பசுவும், பூட்டிய வீட்டின் பாதுகாப்பும், பெண்களுக்கு மறைவான இடம் கிடைக்குமா என்ற கவலையும்தான் மனிதனின் காலைக் கட்டிப்போடுகின்றன. அந்தக் கட்டுகளை அவிழ்த்தால் மக்கள் தாமே வருவர்.

விதியின் பெயரால்

இன்னொரு கட்டும் உண்டு. அது நம்மவரிடையே பெரிதும் காணப்படுவது. ஜாவாவின் மெராபி எரிமலைக்குக் காவலராக யோக்யகர்த்தா சுல்தானால் நியமிக்கப்பட்டிருந்த முதியவர் மரிஜான் 2006இல் வெளியேற மறுத்தார், அப்போது பிழைத்தார். 2010 அக்டோபர் 26ஆம் நாளும் மறுத்தார். கொதிசாம்பல் மேகத்தில் தம் இல்லத்திலேயே உயிர்நீத்தார். அந்த வெடிப்புகளில் மொத்தம் 350க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 3,50,000 பேர் வெளியேறித் தப்பினர். பொறுப்பை விட்டு அகலாத அவரது உறுதியை இழிவுபடுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் சென்ற முறை ஒன்றும் ஆகவில்லை என்பது இம்முறைக்கு உத்தரவாதமாகாது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். கொள்ளைநோய்க்குரிய சட்டம் தனியானது. எனினும் அவ்விடையிலுள்ள தெளிவு எல்லா ஆபத்திற்கும் வழிகாட்டுகிறது. எச்சரிக்கையை ஏற்று எழுந்து செல்வது தவக்குலுக்கு முரணன்று.

நம் ஊரில் நாம் செய்யத்தக்கவை

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண்சரிவில் ஒரே வீட்டிலிருந்த 7 பேர் புதையுண்டு இறந்தனர். டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,50,000 கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. நம் மாவட்டத்துத் திருக்கோவிலூர் தொடங்கிக் கடலூர் வரை தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. எச்சரிக்கை போதிய நேரத்தில் வந்ததா என்ற வாதம் பின்னர் எழுந்தது. அவ்வாதம் ஒருபுறம் இருக்கட்டும். எச்சரிக்கை வந்து சேரும் அந்த இரவில், வருவோரை ஏற்க நம் ஊர் ஆயத்தமாக இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

அரசின் பணியை நாம் செய்ய இயலாது. ஆனால் ஒரு ஜமாஅத் செய்யத்தக்கவை பல. மேட்டு நிலத்திலுள்ள மதரஸா, திருமண மண்டபம் ஆகியவற்றின் சாவி நள்ளிரவில் யாரிடம் கிடைக்கும் என்பது ஊரறிந்திருக்க வேண்டும். தாமாக நடக்க இயலாத முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்ற பட்டியல் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும், குழந்தைகளுக்குப் பாலும், கொதித்தாறிய குடிநீரும் முதலிலேயே ஏற்பாடாக வேண்டும். ஆடு மாடுகளைக் கட்ட ஓர் இடமும் வைக்கோலும் வேண்டும். வெளியேறிய வீதிகளுக்கு இளைஞர்கள் முறைவைத்துக் காவல் நிற்கலாம். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையையும் குடும்ப அட்டையையும் ஒரே பையில் வைத்திருப்பது இல்லத்தரசிகளின் கையிலுள்ளது. வந்து நிற்பவர் எந்த மதத்தவர், எந்தச் சாதியினர் என்று சோற்றுத் தட்டை நீட்டுமுன் எவரும் கேட்கலாகாது.

ஆபத்து வராமல் ஒருமுறை கழிந்துவிட்டால், வீண் அலைச்சல் என்று முணுமுணுக்காதீர்கள். வந்தவர்களைச் சிரித்த முகத்துடன் வழியனுப்புங்கள். இம்முறை மானத்தோடு உபசரிக்கப்பட்டவர் அடுத்த முறை அழைக்குமுன் வருவார். முகாமில் இழிவுற்றவரோ, வெள்ளம் கழுத்துக்கு வந்தாலும் வாசற்படியைவிட்டு இறங்கமாட்டார்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் ஊர்களைக் காத்தருள்வானாக! காக்கும் கரங்களில் நம் கரங்களையும் சேர்த்தருள்வானாக!