முதலில் சிங்கப்பூரா, ஈப்போவா?

கொரோனா தணிந்ததும் ஆசிய நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. எந்தக் கதவு வழியாக முதலில் நுழைவது என்பதுதான் ஒரு மும்பைத் தம்பதியின் கவலை.

மும்பை மாதுங்காவில் உள்ள அந்த வீட்டின் சாப்பாட்டு மேஜையில் 2022 மார்ச் கடைசி வாரம் முழுவதும் யாரும் சாப்பிடவில்லை. இடமில்லை. இரண்டு பாஸ்போர்ட்டுகள், தடுப்பூசிச் சான்றிதழ்கள், ஒரு காலண்டர், கோடு போட்ட ஒரு நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று ஊர்களின் பெயர்கள்: பாங்காக், ஈப்போ, சிங்கப்பூர்.

எழுதியவர் 66 வயதான ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மற்றவர்களின் கடன் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்தவர், இப்போது மூன்று அரசுகளின் விதிகளை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். பாங்காக் அவருடைய நெடுநாள் ஆசை. சிங்கப்பூரில் மகள் இருக்கிறாள். 2020-ல் பிறந்த பேரனைத் தாத்தாவும் பாட்டியும் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தார்கள். ஈப்போ மனைவியின் பாக்கி. அங்கே வாழ்ந்த அவரது அக்கா 2021-ல் காலமானபோது போக வழியில்லை. மலேசியா 2020 மார்ச் 18-லிருந்தே எல்லையை மூடியிருந்தது. "அத்தானுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லக்கூட முடியவில்லை. போனில் சொல்வதெல்லாம் ஆறுதலா?" என்கிறார் அவர்.

இந்தியாவிலிருந்து வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23 முதல் நின்றுபோயின. இடையில் சில நாடுகளுடன் தனி ஏற்பாட்டின்பேரில் விமானங்கள் பறந்தாலும், பழைய கால அட்டவணை திரும்பியது 2022 மார்ச் 27 அன்றுதான். ஐந்தே நாளில், ஏப்ரல் 1 அன்று, மலேசியா திறந்தது. அதே நாளில் சிங்கப்பூர், தடுப்பூசி போட்டவர்கள் குறிப்பிட்ட விமானங்களில்தான் வர வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2019-ல் கிட்டத்தட்ட 4 கோடி வெளிநாட்டினரை வரவேற்ற தாய்லாந்துக்கு 2021-ல் வந்தவர்கள் சுமார் 4.28 லட்சம் பேர். 1.91 கோடிப் பேர் வந்த சிங்கப்பூருக்கு வந்தவர்கள் சுமார் 3.3 லட்சம். ஓட்டல்கள் காலி, விமானங்கள் காலி.

ஆனால் கதவுகள் ஒரே அளவில் திறக்கவில்லை. ஜப்பான் 2022 அக்டோபர் வரையிலும் சீனா 2023 ஜனவரி வரையிலும் தயங்கின. திறந்தவையும் ஆளுக்கொரு விதி வைத்திருந்தன. அந்த ஏப்ரலில் தாய்லாந்தில் இறங்கியதும் பரிசோதனை, முடிவு வரும்வரை முன்பதிவு செய்த ஓட்டலில் ஓர் இரவு, 20,000 டாலர் மருத்துவக் காப்பீடு. மலேசியாவுக்கு விமானத்தில் போனால் புறப்படும் முன் ஒரு பரிசோதனை, இறங்கிய பின் இன்னொன்று. சிங்கப்பூருக்குப் புறப்படும் முன் மட்டும் ஒன்று. வீட்டில் வேறொரு சிக்கலும் இருந்தது: அவர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு, மனைவி கோவாக்சின். உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்று கோவாக்சினை அங்கீகரித்திருக்காவிட்டால் நோட்டில் ஒரு பெயர்தான் இருந்திருக்கும்.

பொறுத்திருக்கலாம் என்பது கணவரின் கட்சி. மாதத்துக்கு ஒரு விதி உதிர்கிறது, இன்னும் ஒரு மாதம் போனால் பரிசோதனைச் செலவே இருக்காது என்று வாதாடினார். தவிர, அவர் சூடு கண்டவர். 2020 ஏப்ரலுக்கு எடுத்த டிக்கெட்டுகள் ஊரடங்கில் ரத்தாகி, பணம் விமான நிறுவனத்தின் கணக்கிலேயே முடங்கியது. பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அது கைக்கு வந்தது.

மனைவியின் பதில் ஒரே தேதி: 2021 டிசம்பர். அந்த மாதம் 15-ஆம் தேதி விமானங்களை மீண்டும் தொடங்கவிருந்த இந்தியா, ஒமைக்ரானைப் பார்த்துத் தள்ளிவைத்தது. தாய்லாந்து புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. சிங்கப்பூர் டிக்கெட் விற்பனையை முடக்கியது. "திறந்த கதவு மறுபடி மூடாது என்று உங்கள் நோட்டில் எழுதியிருக்கிறதா?" என்று அவர் கேட்டபோது வங்கி அதிகாரியிடம் பதில் இல்லை.

கடைசியில் வழி காட்டியது ஊர்களின் வரிசை. முதலில் எழுதியிருந்தபடி பாங்காக்கில் தொடங்கினால், அங்கே ஒருவருக்குத் தொற்று என்று முடிவு வந்தாலும் தனிமைப்படுத்தல்தான். பின்னால் உள்ள இரண்டு ஊர்களும் சரிந்துவிடும். ஈப்போவுக்கு விமானத்தில் போனால் இரண்டு பரிசோதனை. ஆனால் ஏப்ரல் 1 முதல், தடுப்பூசி போட்டவர்கள் சிங்கப்பூரிலிருந்து தரைவழியாக மலேசியாவுக்குள் போகப் பரிசோதனை தேவையில்லை. அப்படியானால் முதலில் சிங்கப்பூர், அங்கிருந்து பஸ்ஸில் ஈப்போ. மொத்தம் ஆளுக்கு ஒரே பரிசோதனை. பாங்காக்கை அவர் தன் கையாலேயே அடித்தார். "அடித்தது பேனாவால் அல்ல, பென்சிலால்" என்று திருத்துகிறார்.

ஏப்ரல் 16 அன்று கிளம்பினார்கள். பேரன் முதல் நாள் முழுவதும் பாட்டியிடம் வரவில்லை. இரண்டாம் நாள் இட்லிக்கு வந்தான்.

பத்தாவது நாள், ஏப்ரல் 26, ஈப்போ பஸ்ஸுக்குத் தயாரானபோது செய்தித்தாளைப் பார்த்த கணவரின் முகம் சுருங்கியது. தடுப்பூசி போட்டவர்களுக்குப் புறப்படும் முன் பரிசோதனை வேண்டாம் என்ற சிங்கப்பூரின் விதி அன்றுதான் அமலுக்கு வந்தது. "பத்து நாள் பொறுத்திருந்தால் இரண்டு பேருக்கும் பரிசோதனைக் காசு மிச்சம்" என்றார். "இரண்டு வருஷம் பொறுத்தாயிற்று, போதும்" என்றார் மனைவி.

இரண்டு ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்த, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே நீளமான ஜொகூர் பாலத்தில் மறுபடி வாகன வரிசை நின்றது. பஸ் அதைக் கடக்க எடுத்த நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டார். மே 1 முதல் மலேசியாவும் பரிசோதனைகளைக் கைவிட்டதையும், அதே நாளில் தாய்லாந்து ஓட்டல் காத்திருப்பை நீக்கியதையும் ஈப்போவில் படித்துத் தெரிந்துகொண்டார். அவற்றையும் குறித்தார்.

அவர் கணக்கு எழுதாத ஒரு பக்கமும் உண்டு. அமான்ஜெயா பஸ் நிலையத்தில் காத்திருந்த சகலை, மனைவி இறந்து ஓராண்டு கடந்தபின் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். மைத்துனி பக்கத்திலிருந்த பெஞ்சில் அவருடன் உட்கார்ந்துகொண்டார். அன்றைய தேதிக்குக் கீழே நோட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: "ஈப்போ. சேர்ந்தோம்."