சத்தம் போடாமல் ஒரு கிற்றார்

கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் கொண்ட வீட்டுத்திட்ட வீடு. மூத்த மகளுக்குப் பதினேழு வயது. தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கப் பழகியவள். கனடாவிலுள்ள மாமா அவளுக்கு ஓர் இலெக்ரிக் கிற்றார் அனுப்பியிருந்தார். ஆனால் அதன் ஒலியைப் பெருக்கும் அம்பிளிபயர் பொதியில் வரவில்லை.

"அது வராததும் நல்லதுக்குத்தான் பிள்ளை" என்றார் தாயார். "இவள் வாசிக்கிறதை நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா திடீரெண்டு பெரிய சத்தம் கேட்டால் எனக்கு இப்பவும் நெஞ்சு படபடக்குது. அயலுக்கும் என்ன பதில் சொல்லுறது?"

தாயின் அச்சம் நியாயமானது. மகளின் ஆசையும் நியாயமானது. இரண்டுக்கும் ஒரே வீட்டில் இடமுண்டா என்று தேடியபோது அறிந்தவற்றை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

இலெக்ரிக் கிற்றார் ஒலிப்பது எப்படி?

சாதாரண கிற்றாரின் வெற்று வயிறு தந்தியின் ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது. இலெக்ரிக் கிற்றார்களில் பெரும்பாலானவை திண்ம மரத்தாலானவை. அவற்றின் உருக்குத் தந்திகளுக்குக் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுக்கள் கொண்ட மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கும். இதைப் பிக்கப் என்பர். தந்தி அதிரும்போது அக்கம்பியில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. நம் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இதுவே. ஹெட்போனை நேரடியாகச் செருகினாலும் சரியாகக் கேட்காத அளவுக்கு அது பலவீனமானது. அதைப் பெருக்க ஏதோவொரு கருவி தேவை.

அக்கருவி பெரிய பெட்டியாக இருக்கவேண்டியதில்லை. பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்கக் கலைஞர் லெஸ் போல், இளவயதில் இசைத்தட்டுக் கருவியின் ஊசியைத் தன் கிற்றாரில் பொருத்தி, வீட்டு வானொலியின் ஒலிபெருக்கி வழியாக ஒலிக்கச் செய்தவர்.

வீட்டிலுள்ள வழிகள்

முதலாவது வழிக்குச் செலவே இல்லை. எதையும் செருகாமல் வாசிப்பது. கிற்றாரின் உடற்பகுதியின் ஒரு முனையை மர அலுமாரியிலோ மேசையிலோ கதவிலோ அழுத்திப் பிடித்தால், அந்த மரமும் சேர்ந்து அதிர்ந்து ஒலி சற்றுப் பெரிதாகும். விரல்களைப் பழக்குவதற்கு இது போதும்.

இரண்டாவது, ஹெட்போன் அம்பிளிபயர். 1982 இல் டொம் ஷொல்ஸ் என்ற பொறியியலாளரும் இசைக்கலைஞருமானவர், இடுப்பில் கொளுவக்கூடிய றொக்மேன் என்ற கருவியை வெளியிட்டார். 2007 இல் வந்த வொக்ஸ் அம்பிளக் அதனிலும் சிறியது. இரண்டு சிறிய பற்றரிகளில் இயங்கும். கிற்றாரின் துளையிலேயே பொருத்தலாம்.

மூன்றாவது, கைத்தொலைபேசி. 2010 இல் வந்த ஐறிக் போன்ற இணைப்புக் கருவி ஒன்றைக் கிற்றாருக்கும் தொலைபேசிக்கும் இடையில் பொருத்தி, அதற்குரிய செயலியைத் தரவிறக்கினால் தொலைபேசியே அம்பிளிபயராகிவிடும். வயர் உள்ள ஹெட்போனையே பயன்படுத்துங்கள். புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் தாளம் பிசகும்.

கவனிக்க வேண்டியவை

ஹெட்போன் வீட்டாரின் காதைக் காக்கும். வாசிப்பவரின் காதையும் நாம் காக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி வளர்ந்தவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். 90 டெசிபெல்லானால் 4 மணித்தியாலம் மட்டுமே.

கிற்றாரின் தந்திகள் வயர் வழியாக அம்பிளிபயருடன் தொடர்புடையவை. அம்பிளிபயர் பழுதாகி, எர்த் இணைப்பும் சரியாக இல்லாவிடில் 230 வோல்ற் மின்சாரம் வாசிப்பவரின் கைக்கே வரக்கூடும். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள். ஈரக் கையோடு வாசிக்காதீர்கள். பற்றரியில் இயங்கும் கருவிகள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானவை.

மௌனத்தில் மறையும் பிழைகள்

இந்த வழிகளில் முதலாவதில் ஒரு குறையுண்டு. ஒலிபெருக்காமல் வாசிக்கும்போது, தொடாத தந்தி தானாக முனகுவது காதில் விழாது. கேட்கவேண்டும் என்பதற்காகத் தந்தியைப் பலமாக அடிக்கும் பழக்கமும் வந்துவிடும். ஆகவே இடையிடையே ஹெட்போனிலாவது, வாய்ப்பிருந்தால் அம்பிளிபயரிலாவது வாசித்துக் கேட்கவேண்டும். அடக்கியே வாசிப்பவளுக்குத் தன் பிழையும் தெரியாது, தன் திறமையும் தெரியாது.

1915 இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிறந்த கறுப்பினப் பெண் சிஸ்ரர் றோசெற்றா தார்ப், சிறுவயதிலேயே தேவாலயத்தில் கிற்றார் வாசித்து வளர்ந்தவர். 1964 இல் இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் நகரில், கைவிடப்பட்ட ஒரு புகையிரத நிலைய மேடையில், நீண்ட மேலங்கியுடன் நின்று இலெக்ரிக் கிற்றாரை வாசித்தார். அதை இன்றும் உலகம் பார்த்து வியக்கிறது. றொக் அன்ட் றோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது, அவர் மறைந்து 45 ஆண்டுகளின் பின், 2018 இல்.

அடுத்த முறை நான் சென்றபோது, மகள் சிறு ஹெட்போன் அம்பிளிபயர் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தாள். தாயார் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். கண்கள் விரிந்தன. "இவ்வளவு சத்தத்தையும் இவள் இதுக்குள்ளேயே வச்சிருந்தவளா?" என்றார்.

அன்றே மூவருமாகப் பேசி ஓர் ஒழுங்குக்கு வந்தோம். கிழமை நாட்களில் ஹெட்போன். சனி பின்னேரம் அரை மணித்தியாலம், இரவல் வாங்கும் சிறு அம்பிளிபயர். அயலாருக்கு முன்கூட்டியே சொல்லப்படும். ஒலி மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடும். கூட்டும் குமிழ் தாயின் கையில்.

சொல்லிவிட்டு வரும் சத்தம் திடீர்ச் சத்தமல்ல. போரின் ஓசைகளைச் சுமந்த நமக்கு அமைதி தேவை. அதற்காக நம் பெண்பிள்ளைகள் கேட்காமலே போய்விட வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை வாசிக்க விரும்பினால் அம்மாவும் மகளும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். எப்போது மெதுவாக, எப்போது பலமாக என்பதை இருவருமாகவே முடிவுசெய்யுங்கள்.