1350-க்கும் 1700-க்கும் நடுவில்: சப்ரகமுவத் தோட்டங்களின் சம்பளக் கணக்கு

2024 மே தினத்தன்று கொட்டகலையில் நடந்த கூட்டத்தில், அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் இனி 1700 ரூபா என்று அறிவித்தார். வர்த்தமானியும் வெளியானது. மேடை நுவரெலியா மாவட்டத்தில் இருந்தாலும், அறிவிப்பு சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களுக்கும் உரியது. தேயிலையில் கொழுந்து பறிப்பவருக்கும் றப்பரில் பால் வெட்டுபவருக்கும் அந்த 1700 பேசப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் உறுதியானது 1350 ரூபா மட்டுமே. மிச்சம் 350 என்ன ஆனது, அதற்காகத் தொழிற்சங்கங்கள் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டின என்று கேட்பவர்கள் தோட்டத்துக்கு வெளியே நிறையப் பேர் இருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள்ளேயும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். 1992-இல் அரசு தன் கையிலிருந்த தோட்டங்களின் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் அரசுடையது, நடத்துவது கம்பனி. அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாகச் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில்தான் முடிவானது. ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனம். மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி என்ற மூன்று தரப்புகள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கைச்சாத்து. மற்றச் சங்கங்களுக்கு மேசையில் இடமில்லை. ஒப்பந்த வாசகம் கையெழுத்தான பிறகுதான் தொழிலாளியின் காதுக்கு வரும். இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனாலும் அதில் ஒரு பலம் இருந்தது. சம்பளத்தோடு மேலதிக கிலோவுக்கான விலை, வேலை நாட்கள், பிணக்கு வந்தால் தீர்க்கும் முறை எல்லாம் எழுத்தில் இருந்தன.

1000 ரூபாக் கோரிக்கை 2015-இலேயே எழுந்துவிட்டது. 2016-இல் கிடைத்தது அடிப்படை 500, கொடுப்பனவுகளோடு 730. 2018 ஒக்டோபர் 24-ஆம் திகதி மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை பார்த்த பிள்ளைகள் தாய் தகப்பனின் சம்பளத்துக்காக, எந்தச் சங்கத்தின் அழைப்பையும் எதிர்பார்க்காமல் வந்து நின்ற நாள் அது. டிசெம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம். ஆனாலும் 2019 ஜனவரியில் கையெழுத்தானது அடிப்படை 700, விலைப் பங்கு 50. 2021 மார்ச்சில்தான் 1000 வந்தது. அதுவும் ஒப்பந்தத்தால் அல்ல. சம்பள நிர்ணய சபை 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று தீர்மானித்து வர்த்தமானியில் இட்டது. கம்பனிகள் உடனே கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சம்பள நிர்ணய சபையில் முதலாளி, தொழிலாளி, அரசு நியமித்தவர்கள் என மூன்று தரப்பும் உட்காரும். தேயிலைக்கு ஒரு சபை, றப்பருக்கு வேறொரு சபை. அது குறைந்தபட்சச் சம்பளத்தைச் சொல்லும். ஒப்பந்தத்தில் இருந்த மற்ற விஷயங்களுக்கு அங்கே இடமில்லை. சம்பளம் கூடியது, அதைச் சுற்றியிருந்த வேலி விழுந்தது.

இப்போது, ஊக்கத்தொகையாகப் பேசப்பட்ட அந்த 350. அடிப்படைச் சம்பளத்துக்குள் ஒரு தொகை இருக்கிறதா, ஊக்கத்தொகை என்ற பெயரில் வெளியே நிற்கிறதா என்பது வெறும் சொல் வேறுபாடு அல்ல. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம். இவை அடிப்படையில் கணக்காகும். உற்பத்தி ஊக்கத்தொகையில் கணக்காகாது. மாதம் 25 நாள் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 350 என்றால் மாதம் 8750. அது அடிப்படைக்கு வெளியே போனால், முதலாளி சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய 1050 ரூபா மாதாமாதம் இல்லாமல் போகிறது. சேவைக்காலப் பணத்தில் இழப்பு இன்னும் பெரிது. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில் 14 நாட் சம்பளம் சேரும். முப்பது வருடம் உழைத்து விலகுபவருக்கு நாளுக்கு 350 குறைந்தால் ஒரு லட்சத்து 47 ஆயிரம் ரூபா போகிறது. முதுகு வளைந்த வயதில் கையில் கிடைக்க வேண்டிய பணம் அது. கம்பனிகள் 1700-ஐ மொத்தத் தொகையாகப் பேசுவதும் சங்கங்கள் அடிப்படையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.

அடிப்படை கிடைப்பதற்கும் ஒரு வாசற்படி இருக்கிறது. அது பேர். காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டில் நின்று மலைக்குப் போனாலும், தோட்டம் விதித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரை நாட் சம்பளம்தான். 1000 ரூபா வந்த கையோடு பல தோட்டங்களில் கொழுந்தின் அளவைக் கூட்டினார்கள். சம்பள நிர்ணய சபை சொன்னது ஒரு நாள் வேலைக்கான சம்பளம், அதைக் கிலோவோடு கட்டுவது தவறு என்பது சங்கங்களின் வாதம்; அது நியாயமான வாதம். காடேறிய மலையில், பசளை சரியாகப் போடாத செடியில், இருபது கிலோ எங்கிருந்து வரும்? 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த பிறகு விளைச்சல் விழுந்தது. விழுந்த விளைச்சலின் சுமை கொழுந்துக்காரியின் கூடையில் ஏறியது.

றப்பரில் கதை வேறு. இரத்தினபுரியும் கேகாலையும் மழை மாவட்டங்கள். விடியற்காலையில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டினாலும் சிரட்டைக்குள் மழைநீர் விழும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பால் வெட்டுபவரின் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், நாட்கள் மளமளவென்று குறையும். நாட்சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர்கள், மாதத்தில் எத்தனை நாள் என்ற கேள்வியைக் கேட்பதில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பக்கத்து றப்பர்க் குடும்பங்களுக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது.

இந்தக் கணக்கின் மேல்தான் சிக்கனக் கொள்கை வந்து உட்கார்ந்தது. 2022-இல் நாடு வெளிக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு 2023 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்தது. அரசு வருமானத்தைக் கூட்டு, மானியத்தைக் குறை என்பது அதன் சாரம். வற் வரி 8 வீதத்திலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே தடவையில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. மின்கட்டணம் அந்த ஓகஸ்டிலும் அடுத்த பெப்ரவரியிலும் ஏறியது. வருமான வரி கூடியபோது மருத்துவர்களும் வங்கி ஊழியர்களும் துறைமுக ஊழியர்களும் 2023 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள், பத்திரிகைகளும் எழுதின. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத தோட்டத் தொழிலாளி, பொருள் வாங்கும் ஒவ்வொரு தடவையும் வரி கட்டுகிறார். 2021 மார்ச்சில் 1000 ரூபா ஏறக்குறைய ஐந்து டொலர். 2022 நடுப்பகுதியில் அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் கீழே. அப்படியே 2024 வரை அந்த ஆயிரம் நகரவில்லை. நெருக்கடிக்கு முன்பு, 2019-இலேயே, தோட்டத்துறையில் மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார் என்பது அரசின் சொந்தக் கணக்கு.

2023-இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது நடந்ததை நான் இன்னும் கோபமில்லாமல் எழுதப் பழகவில்லை. வங்கிகளின் கைவசமிருந்த திறைசேரி முறிகளை அரசு தொடவில்லை. தனியார் முதலீட்டாளர்களின் முறிகளையும் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி உள்ளிட்ட ஓய்வுகால நிதிகளின் முறிகளைத்தான் குறைந்த வட்டிக்கு மாற்றச் சொன்னார்கள். மாறாவிட்டால் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதில் 30 வீத வரி என்று நிபந்தனை வைத்தார்கள். குறைந்தது 9 வீத வட்டி தருவோம் என்று அரசு உறுதி சொன்னது. முந்தைய வருடம் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டிருந்தது. தெருவில் இறங்கிய சங்கங்கள் கேட்டது ஒன்றுதான்: நாட்டின் கடனுக்கு முதலில் கை வைக்கக் கிடைத்தது தொழிலாளியின் முதுமைக்கால உண்டியலா? சேமலாப நிதியைத் தவிர வேறு சேமிப்பே இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு இது தொலைவில் நடந்த நிதி விவகாரம் இல்லை.

இத்தனைக்கும் சப்ரகமுவத் தோட்டங்களின் குரல் ஏன் வெளியே கேட்பதில்லை? நுவரெலியாவில் தோட்டத்தை அடுத்துத் தோட்டம். இங்கே சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிய தோட்டங்கள். வாக்கு எண்ணிக்கை குறைவு என்பதால் பெரிய சங்கங்களின் தலைவர்கள் இந்தப் பக்கம் அடிக்கடி வருவதும் குறைவு. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தோட்டத் தமிழர் மீது நடந்த தாக்குதல்களில் லயங்கள் எரிந்தன. பலர் வன்னிக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்களுக்குக் கூட்டமாகத் தெருவில் நிற்பது என்பது பல வருடங்கள் பயத்தோடு எடுக்க வேண்டிய முடிவாக இருந்தது.

ஆனால் இந்த மண் எப்போதும் பின்வரிசையில் நின்றதில்லை. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலைக் கிராமங்களில் நிவாரணம் செய்த என். எம். பெரேராவை 1936-இல் ருவன்வெல்லத் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவருடைய இடதுசாரிக் கட்சிதான் தோட்டங்களில் சங்கம் கட்டும் வேலையிலும் இறங்கியது. 1946-இல் கேகாலை மாவட்டம் உந்துகொடையில் நேவ்ஸ்மியர் தோட்டம், தொழிலாளர் வாயில் உருளவள்ளி, இதைவிடப் பெரிய கதை. கிராமத்தவருக்குப் பகிர்ந்து கொடுக்க அரசு அந்தத் தோட்டத்தை எடுத்தது. அங்கிருந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறும்படி கடிதம் கொடுத்தது. அவர்கள் போக மறுத்தார்கள். சொந்த லயத்தில் இருந்ததற்கே அத்துமீறல் வழக்கு போடப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் அழைக்க, கேகாலையிலிருந்து ஹட்டன், பொகவந்தலாவை வரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். மூன்று வாரம் நீடித்தது. ஒரு தோட்டத்தாரின் குடியிருப்புக்காக மற்றத் தோட்டத்தார் பட்டினி கிடந்தார்கள். இரண்டே வருடத்தில், 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்து அந்த ஒற்றுமையின் அரசியல் பலத்தை முறித்தது. 1984 ஏப்ரலில் சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது என்பதையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும்.

இன்றைய சங்கங்களின் நிலையை மூடி மறைக்கத் தேவையில்லை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்பது சட்டம். அதனால் ஒரே தோட்டத்தில் நாலைந்து சங்கங்கள். சந்தா செக்ரோலிலேயே கழிந்துவிடும். தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் இருப்பார்கள். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் கொழுந்து எடுக்கும் பெண்ணைக் காண்பது அரிது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி ஒரு வேலைத்தலத்தில் 40 வீதத்துக்குக் குறையாத உறுப்பினர் உள்ள சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. சிதறிய சங்கங்களால் அந்த 40-ஐத் தொட முடிவதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் சேர்ந்து கேட்டாலே இந்தச் சட்டம் உயிர்பெறும்.

அவசரம் கூடிக்கொண்டு போவதற்கு இன்னொரு காரணம், வேலையே உருமாறுகிறது. வெளியார் உற்பத்தி முறை என்று சொல்லிக் குடும்பத்துக்கு இத்தனை செடி எனப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் ஏற்பாட்டைக் கம்பனிகள் முன்வைக்கின்றன. சில குடும்பங்களுக்குக் கையில் காசு கூடுவதாகத் தெரியலாம். ஆனால் அதில் செடியைப் பொறுப்பேற்றவர் தொழிலாளியா, விற்பனையாளரா? விற்பனையாளர் என்றால் சேமலாப நிதி இல்லை, பிரசவ விடுமுறை இல்லை, குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை. சிறுதோட்டத் தேயிலை நிறைந்த இரத்தினபுரியில் லயத்துப் பிள்ளைகள் பலர் கிராமத்துத் தேயிலைக்கு நாட்கூலிக்குப் போகிறார்கள். அங்கேயும் இவை எதுவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதோடு, தொழிற்சட்டங்களை ஒரே சட்டமாக்கும் யோசனை 2023-இலிருந்து பேசப்படுகிறது. தொழில் ஆணையாளரின் அனுமதியோ தொழிலாளியின் சம்மதமோ இல்லாமல் வேலைநீக்கம் செய்யத் தடை போடும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதில் தளர்ந்துவிடும் என்பதே சங்கங்களின் முக்கிய அச்சம்.

2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க, அடிப்படையை 1550 ஆக்கவும் நாளுக்கு 200 ரூபாவை வருகை ஊக்கத்தொகையாக அரசே தரவும் முன்மொழிந்தார். கூட்டினால் 1750. மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள்: சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் பலம் சேர்ப்பது 1550. அந்த 200 வேலைக்கு வந்த நாளுக்கு உரியது. மழையில் வேலை இல்லாத றப்பர்த் தொழிலாளியின் நாட்களுக்கு என்ன பதில் என்று சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். தொழிலாளி தன் பக்கத்தில் செய்யக்கூடியதும் உண்டு. மாதாமாதம் சம்பளத் துண்டில் பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, சேமலாப நிதிக்குக் கழித்தது எவ்வளவு என்று பாருங்கள். கழித்த பணமும் முதலாளியின் 12 வீதமும் கணக்கில் சேர்ந்ததா என்று வருடக் கூற்றோடு ஒப்பிடுங்கள். சேரவில்லை என்றால் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம், சங்கத்தின் மூலமாகவும் முறையிடலாம். துண்டுகளைக் கிழித்துப் போடாமல் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து அடுக்கி வையுங்கள். சேவைக்காலம் குறித்துப் பிணக்கு வரும் நாளில் அந்தக் காகிதங்களே முதல் சாட்சி.