கையின் அளவும் குழலின் நீளமும்

மணலியில் குடியிருப்பவர்களுக்கு அழுத்தம் என்பது பௌதிக நூலைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமன்று. 1969-இல் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது முதல், கேஜில் முள் எந்த எண்ணில் நிற்கிறதென்று பார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் இந்தத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அப்படிப்பட்ட ஒரு ஃபிட்டர், என் பக்கத்து வீட்டுக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 2024 ஜூலை 28-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலப் பதக்கம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தது முதல், நகரத்து ரேஞ்ச் ஒன்றில் ஏர் பிஸ்டல் அப்பியாசம் செய்துவரும் பதினைந்து வயதுப் பெண் அவள்.

“சார், பாப்பாவுக்கு சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். ஃபுல் சைஸ்தான் வேணும்ங்குது. வீட்ல இருக்கிற கம்மல், செயினை வெச்சா காசு புரட்டிடலாம். வாங்கட்டுமா?” என்றார்.

இந்த விளையாட்டில் சில வருஷங்கள் ஈடுபட்டிருந்தவன் என்ற முறையில் அன்று நான் அவரிடம் சொன்னவை, அதே யோசனையில் இருக்கும் மற்றப் பெற்றோர்களுக்கும் உபயோகப்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒலிம்பிக்கில் 1988-ஆம் வருஷம் ஸியோல் நகரில் முதன்முதலாக இடம்பெற்ற இந்தப் போட்டியில், 10 மீட்டருக்கு அப்பால் இருக்கும் டார்கெட்டை நோக்கி, ஒரே கையால், வேறெந்த ஆதாரமுமின்றி, 75 நிமிஷத்துக்குள் 60 குண்டுகள் சுட வேண்டும். பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பித்தான் ஒன்றைக் கூடத்தின் மறுகோடியில் ஒட்டிவைத்துப் பார்த்தால் அதன் சிறுமை புலப்படும். துப்பாக்கி 420 மில்லிமீட்டர் நீளமும் 200 உயரமும் 50 அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் பலமாவது தேவைப்பட வேண்டும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஸ்விட்ஸர்லாந்தின் மொரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தினி ஆகிய பிரசித்தி பெற்ற கம்பெனிகள் யாவும் இந்த வரம்புக்குள் நின்றே தங்கள் திறமையைக் காட்டுகின்றன. அவற்றுள் எதை வாங்கினாலும், அது பெண்ணின் கைக்கு மேலான துல்லியத்துடனேயே சுடும் என்பதால், பெயரைப் பற்றிய விவாதத்தை நான் நீட்டவில்லை.

முழு அளவா, குட்டையா என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி. முழு அளவுத் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் அதிகம். ஆகவே அவ்விரண்டும் ஒரு மயிரிழை பிசகி நின்றாலும், டார்கெட்டில் விளையும் பிழை குட்டைத் துப்பாக்கியில் விளைவதைவிடக் குறைவாகவே இருக்கும். முன்புறத்துக் கனம் குழலை அலையவிடாமல் நிறுத்துகிறது என்பதும் அதற்குள்ள அநுகூலம். ஆனால் சுமார் ஒரு கிலோ எடையை, நீட்டிய கையின் நுனியில், 60 தரம் ஏற்றி இறக்கும் சிரமத்தைத் தாங்குவது தோள்பட்டையே. வளர்ச்சி முற்றாத தோளுக்கு அது பெரும் பாரம். முனை தாழத் தொடங்கினால் நீளத்தினால் வந்த அநுகூலம் எல்லாம் அங்கேயே கரைந்துபோகும். குட்டைத் துப்பாக்கி தரத்தில் தாழ்ந்ததென்று எண்ணி வெட்கப்படுவது வீண். அது வேறொரு தோளுக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவே.

குழலைவிட முக்கியம் கைப்பிடி. வலக்கை, இடக்கை என்றும், சிறியது, நடுத்தரம், பெரியது என்றும் வகைவகையாக வரும் அந்த மரக்கட்டை, உள்ளங்கையின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அறிந்திருக்க வேண்டும். நான் முதன்முதலில் வாங்கியபோது, வியாபாரி ஒருவர் கையிருப்பிலிருந்த நடுத்தரக் கைப்பிடியே போதுமென்று உறுதி சொல்ல, அதை நம்பி ஆறு மாதம் சுட்டேன். கட்டைவிரலின் அடியில் காய்ப்பேறி மணிக்கட்டு நோவெடுத்ததோடு, குண்டுகள் யாவும் இடப்புறமே சென்று விழுந்தன. பிறகு அநுபவசாலி ஒருவர் என் உள்ளங்கையில் சாக்குப்பொடியைப் பூசி, பிடியைப் பிடிக்கச் சொல்லி, பொடி ஒட்டிய இடங்களை அரத்தால் சிறுகச் சிறுக ராவி, ஒட்டாத இடங்களில் மரப் பட்டியை அப்பி உலரவைத்துத் திருத்திக் கொடுத்தார். கண்ணை மூடிக் கையை உயர்த்திப் பிறகு திறந்து பார்க்கையில் இரண்டு குறிகளும் தாமாகவே நேர்கோட்டில் நிற்குமானால், அந்தக் கைப்பிடி பொருந்தியதென்று கொள்ளலாம். மணிக்கட்டைச் சுற்றித் தாங்கும் பிடிக்கு மட்டும் விதி இடங்கொடுப்பதில்லை.

காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஃபிட்டரின் முகம் மலர்ந்தது. கார்ச் சக்கரத்தில் இரண்டு பார் சொச்சம் காற்று இருக்குமென்றால், குண்டைத் தள்ளும் காற்றுக்காகத் துப்பாக்கியில் பொருத்திய, விரல் தடிமனைவிடச் சற்றே பருத்த சிலிண்டரில் 200 பார் அடைபட்டிருக்கிறது. சமையல் காஸ் சிலிண்டரின் வளையத்தில் ஆங்கில எழுத்தும் வருஷமும் எழுதி அடுத்த சோதனைக் காலத்தைக் குறிப்பதுபோல, இதிலும் தேதி பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து வருஷமே அதன் ஆயுள். தேதி கடந்த சிலிண்டரை மாற்றுவது சுடுபவரின் பொறுப்பென்று சர்வதேச விதியே சொல்கிறது. பழைய துப்பாக்கியை மலிவாக வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். இரவில் கேஜின் எண்ணைக் குறித்துக்கொண்டு காலையில் மறுபடி பார்த்தால், ஓ-ரிங் தேய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். “அதான் சார், எங்க லைன்ல செய்ற லீக் டெஸ்ட்டேதான்” என்றார் அவர்.

சட்டத்தைப் பற்றி அவருக்கிருந்த அச்சம் அவசியமற்றது. 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல் விட்டமும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு, 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அரைக் கிராம் ஈயக்குண்டை எறியும் இந்தப் பிஸ்டலின் சக்தி ஏழெட்டு ஜூலுக்குள் அடங்கும். வெடிமருந்தால் இயங்கும் 25 மீட்டர்ப் போட்டித் துப்பாக்கிகளோ 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றுக்கு லைசென்ஸ் இன்றியமையாதது.

பணத்தைப் பற்றியோ எனக்கும் கவலையே. வெளிநாட்டில் செய்த முழு அளவுத் துப்பாக்கி ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். அதற்கு மேல் பழுது பார்க்கவும் உதிரிப் பாகங்களுக்கும் தொகை ஒதுக்கியாக வேண்டும். 2021 ஜூலையில் டோக்கியோவில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கியில் லீவர் பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிஷங்கள் கழிந்தன. 575 மதிப்பெண்ணோடு பன்னிரண்டாவதாக நின்ற அவர், இரண்டே புள்ளிகளால் இறுதிச் சுற்றை இழந்தார். உலகத்தின் முதல்தர ஆயுதத்துக்கும் இது நேரும். ஆகையால் நகையை அடகு வைக்குமுன், ரேஞ்சில் உள்ள துப்பாக்கியையே எடுத்து ஒரு வருஷமாவது சுடட்டும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த சனிக்கிழமை, தெரிந்த வீரர் ஒருவரின் முழு அளவுத் துப்பாக்கியை இரவல் பெற்று, ரேஞ்சில் அந்தப் பெண்ணை 60 குண்டுகளும் சுடச் சொன்னோம். முதல் முப்பது ஒழுங்காகச் சென்றன. நாற்பதைத் தாண்டியதும் முன்குறி தாழ்ந்தது. ஐம்பதில் தோள் காதை நோக்கி ஏறியது. தகப்பனார் டார்கெட்டைப் பார்க்காமல் அவளுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்வரை இருவரும் பேசவில்லை.

இப்போது மாலை ஆறு மணிக்கு மேல் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் அவள் நிற்கிறாள். நீட்டிய வலக்கையில் ஒரு லிட்டர்த் தண்ணீர் நிரம்பிய பாட்டில். அதன் எடையும் துப்பாக்கியின் எடையும் ஏறக்குறைய ஒன்றே. சுத்திகரிப்பு ஆலையின் சுடர் வானத்தைச் சிவப்பாக்கும் அந்த வேளையில், தகப்பனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணுகிறார். நேற்று நாற்பத்தெட்டாவது தடவையில் கை தாழ்ந்தது.