முற்றத் தரைத்தளம்

முற்றத் தரைத்தளம் என்பது வீட்டினுள் அமைந்த திறந்த முற்றத்திலும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரத்திலும் பாவப்படும் தளத்தைக் குறிக்கும். மழை நேரடியாக விழும் இடமாதலால் அறைகளுக்குரிய தளம் இங்கே பெரும்பாலும் பொருந்துவதில்லை.

செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் முற்றம் தாழ்வாரத்தைவிடத் தாழ்வாக அமைக்கப்பட்டு, கருங்கற் பலகைகள் பாவப்பட்டிருக்கும். தாழ்வாரத்திலும் அறைகளிலும் ஆத்தங்குடிக் கற்கள் காணப்படும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் இக்கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மீது வண்ணச் சாந்தை வார்த்து, அதன்மேல் மணலும் சிமெந்தும் இட்டு, இறுகியபின் நீரில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கமே மேற்புறமாவதால் மெருகிடாமலேயே பளபளப்புக் கிடைக்கிறது.

இந்த வழவழப்பே சாரல் படும்போது இடராகிறது. ஈரத்தில் வழுக்கி விழும் முதியோருக்கு இடுப்பெலும்பு முறிய நேரிடலாம். கருங்கல் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது; மெருகிட்ட கருங்கல்லும் நனைந்தால் வழுக்கும். கல்லின் வகையைவிட அதன் மேற்பரப்பே முக்கியமானது. எனவே சாரல் எட்டும் எல்லைவரை, தாழ்வாரத்தின் விளிம்பு உட்பட, உளியால் கொத்திய சொரசொரப்பான கல்லும் அதற்கு உள்ளே பூவேலைக் கற்களும் பாவுவது நன்று. (புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருட்கள் சிமெந்துக் கற்களை அரிக்குமாதலால் சமையலறைக்கும் இவை அவ்வளவாக ஏற்றவையல்ல.)

முற்றத்தில் நீர் தேங்காதிருக்க, 100 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 1 செ.மீ. வாட்டம் வடிகாலை நோக்கி விடப்படுகிறது.